தலையணை உறைக்குள் இருந்த மூன்றாம் பாகம்

பாப்பா,

கல்யாணப் பத்திரிகைக் கட்டு இன்று காலை அச்சகத்திலிருந்து வந்து சேர்ந்தது. அப்பா கடையைத் திறக்கப் பையன்களை அனுப்பிவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு உறையின் மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டிருக்கிறார். பெயர் எழுதுவது என் வேலை. முதல் பத்திரிகை சாமிக்கு, இரண்டாவது பண்டாரவளை அத்தைக்கு என்பது இந்த வீட்டு வழக்கம். முதலாவதை எழுதிவிட்டேன். இரண்டாவதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், பெயர் எழுதவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு, உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன தடவை நீ கொழும்பிலிருந்து வந்திருந்தபோது, கல்யாணத்தன்று யார் யார் என்ன செய்வது என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தோம். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஆலாத்தி எடுப்பது அத்தை என்று சொன்னேன். நீ தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னாய். "அத்த வரட்டும்மா. சாப்பிடட்டும், போட்டோவுக்கு நிக்கட்டும். ஆலாத்தி மட்டும் வேணாம். என் சாமான தீட்டுன்னு தூக்கிக் குடுத்தவங்க எனக்கு திருஷ்டி கழிக்க வேணாம்." நீ கோபப்பட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன். ஏற்கெனவே முடிவு பண்ணி வைத்திருந்த குரலில் சொன்னாய். கையில் வெங்காயம் இருந்தது எனக்கு உதவியாகப் போயிற்று.

உன் சாமானைத் தூக்கிக் கொடுத்தது அத்தை இல்லை, பாப்பா. நான்தான்.

இதை போனில் சொல்லியிருக்கலாம். நீ வரும்போது அறைக்குள் கூட்டிப்போய்க் காதோடு சொல்லியிருக்கலாம். ஆனால் உன் சடங்கன்று சபை கூடியிருந்த வீட்டில், இத்தனை சொந்தக்காரர் முன்னால்தான் அத்தை தலையில் அந்தப் பழியை வைத்தேன். அதை ரகசியமாக இறக்கிவைத்தால் பாதிதான் இறங்கும். அதனால் இந்தக் கடிதத்தை ஒட்டாமல் அனுப்புகிறேன். உன் அப்பா படிக்கட்டும். துபாய் மாமாவுக்கு ஒரு பிரதி போகும். அத்தைக்கு, அவர்கள் கண் மங்கிப்போயிருப்பதால், யாராவது சத்தமாக வாசித்துக் காட்டட்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் காதில் விழுந்தாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை.

உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்தே எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததில் பாதி நான் சொன்னது, நான் சொன்னதை இனி நம்பாதே.

டிவியில் மாட்டுகிற அந்த விளையாட்டு மெஷினை என் தம்பி துபாயிலிருந்து முதல் லீவில் வந்தபோது கொண்டுவந்தான். உனக்கு எட்டு வயதிருக்கும். கூடவே ஒரு கசெட். அதன் மேல் இருந்த இங்கிலீஷ் பெயர் என் வாயில் நுழையவில்லை, அதனால் நம் வீட்டில் அதற்கு விளக்குக்காரன் என்று பெயர் வைத்தோம். வெளிச்சமே இல்லாத ஒரு தேசம். ஒரு பையன் கையில் ஒரே ஒரு விளக்கோடு ஊர் ஊராகப் போய், அணைந்துபோன தெருவிளக்குகளை ஏற்றிவைக்க வேண்டும். வழியெல்லாம் பூதம், பாம்பு, பாழுங்கிணறு. முதல் பாகத்தில் அவன் கடலைப் பருப்பு அளவுதான் இருப்பான். மேலிருந்து பார்த்தால் தலை மட்டும் நகரும், முகமே கிடையாது. இதற்குப் போய் ஒரு பிள்ளை சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறதே என்று நான் கேலி பண்ணுவேன். அந்தப் பாகத்துக்கு ஞாபகம் கிடையாது. கரண்ட் போனால் எல்லாம் போயிற்று. பதுளையில் கரண்ட் போவதற்குக் காரணம் வேண்டுமா, ஒரு மழை போதும். நீ அழவே மாட்டாய். கரண்ட் வந்ததும் முதலிலிருந்து ஆரம்பிப்பாய்.

இரண்டாம் பாகத்தை மாமா அடுத்த லீவில் கொண்டுவந்தான். அதில் பையனுக்கு மூக்கும் முழியும் வந்திருந்தது. பக்கவாட்டில் நடப்பான், தாவுவான். நிறுத்தும்போது இங்கிலீஷ் எழுத்துகள் நிறைய வரும். அதை அப்படியே எழுதிவைத்து அடுத்த நாள் திரும்பப் போட்டால், விட்ட இடத்திலிருந்து தொடங்கும். நீ ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகச் சொல்லுவாய், நான் சமையல்கட்டு வாசலில் நின்று கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதுவேன். அந்த எழுத்துகள் ஒரு சொல்லும் ஆகாது. ஆனாலும் நம் இரண்டு பேருக்கும் இடையில் அது ஒரு வேலையாக இருந்தது. என்னை நீ தேடிவந்த வேலை. ஒருநாள் நான் ஒரு எழுத்தைத் தப்பாக எழுதி, நீ ஒரு வாரம் நடந்த நடை வீணாகிப்போனது. அன்றைக்கும் நீ திட்டவில்லை. "பரவால்லம்மா, எனக்கு வழி தெரியும்" என்றாய். அப்படிப்பட்ட உனக்கு மன்னிக்கத் தெரியாது என்று நான் பிற்காலத்தில் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

மூன்றாம் பாகம் வந்தபோது எழுதிவைக்கும் வேலை போய்விட்டது. கசெட்டுக்குள்ளேயே குட்டியாக ஒரு பாட்டரி இருக்கிறது, அதுவே ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று மாமா விளக்கினான். உனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்தப் பாகத்தில் மழை பெய்தது, மரம் ஆடியது, பொழுது விடிந்து பொழுது போனது. ஊர்க்காரர்களுக்கும் ஞாபகம் வந்துவிட்டது என்று நீ சொன்னாய். ஒரு வீட்டில் எண்ணெய் திருடினால், அடுத்த தடவை அந்த வீட்டு அம்மா கதவைத் திறக்க மாட்டாள். நான் உலை வைத்துவிட்டு வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என்னை எதையும் எழுதச் சொல்லி நீ கூப்பிடவில்லை. அதில் எனக்கு ஒரு சின்ன வருத்தம் இருந்ததை அப்போது நானே கண்டுகொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நீ பெரியபிள்ளை ஆனாய். வழக்கப்படி உன்னைப் பின்னறையில் ஒதுக்கிவைத்தோம். தனிப் பாய், தனித் தலையணை, தனித் தட்டு. யாரும் தொடக்கூடாது. இரண்டாம் நாளே உன் முகம் வாடிப்போனதைப் பார்த்து உன் அப்பாவுக்குத் தாங்கவில்லை. பெரிய வியாபாரி மாதிரி கடையில் அதட்டுவார், வீட்டில் உன் விஷயத்தில் வெண்ணெய்தான். கூடத்து டிவியைத் தானே தூக்கிக்கொண்டு போய்ப் பின்னறையில் வைத்தார். கூடவே மெஷின், மூன்று கசெட்டும். "ஊர்ல யாரும் செய்யாத வேலை பண்றீங்க" என்றேன். "ஊர்ல யாருக்கும் இவ மாதிரி பிள்ள இல்ல" என்றார். சடங்கு வரைக்கும் அந்த மூலையில் நீ ராஜாத்தி மாதிரி இருந்தாய். கதவுக்கு வெளியே தட்டை வைத்துவிட்டு நான் எட்டிப்பார்ப்பேன். நீ பாயில் சம்மணம் போட்டு, எண்ணெய் வைத்த தலையோடு, டிவி வெளிச்சம் முகத்தில் விழ, எந்த ஊரிலோ விளக்கு ஏற்றிக்கொண்டிருப்பாய். தட்டைக்கூடக் கவனிக்க மாட்டாய்.

இதை எழுதத்தான் கை கூசுகிறது. நீ அந்த மூலையில் சந்தோஷமாக இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை, பாப்பா.

என்னை ஒதுக்கிவைத்தது லுணுகலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில். தாத்தா அங்கே கணக்கப்பிள்ளை. வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்த சாய்ப்பில் ஒரு சாக்கு மறைப்புக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். விடியும் முன்னே, வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஆள் கூடுகிற சத்தம் கேட்கும். என் வயதுப் பெண்கள் கூடையோடு சிரித்துக்கொண்டு மலைக்குப் போவது கேட்கும். அப்புறம் அந்தி வரைக்கும் ஒன்றும் கேட்காது. நான் என்ன தப்புச் செய்தேன் என்று விறகைப் பார்த்துக் கேட்டுக்கொண்டு இருந்தேன். என் மகளுக்கு அந்த நாட்கள் வரும்போது அவள் கதவு பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று எப்போதோ நினைத்து வைத்திருந்தேன். நீ ஒதுங்கியபோது பேச நான் வந்தேன், உனக்கு நேரம் இல்லை. "கொஞ்சம் இரும்மா, பாலத்துக்கிட்ட இருக்கேன்" என்பாய். நான் பட்ட தனிமை உனக்கு இல்லாமல் போனதற்குச் சந்தோஷப்பட வேண்டியவள், ஏதோ என் பங்கை யாரோ திருடிக்கொண்ட மாதிரி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தேன்.

பயமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். சாயந்தரமானால் கடைப் பையன்களும் அடுத்த வீட்டுப் பையன்களும் நம் கூடத்தில் வந்து உன்னோடு உட்கார்ந்து விளையாடுவார்கள். சின்னப் பிள்ளையாக இருந்தவரை சரி. இனி யார் என்ன சொல்வார்களோ என்று மனசு அடித்துக்கொண்டது. "பாப்பா, இனி பையன்களோடு விளையாட வேண்டாம், எனக்குப் பயமாக இருக்கிறது" என்று உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ ஏன் என்று கேட்பாய். நீ ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இருக்காது. வழக்கத்திடம் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஒதுங்கியிருந்த பெண் புழங்கிய பாய், தலையணை, தட்டு, துணி எல்லாம் சடங்கன்று சலவைக்காரிக்குப் போக வேண்டும் என்பது வழக்கம். விளையாட்டு மெஷினும் அந்த மூலையில்தானே இருந்தது என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதும் எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா. யாருடைய மனசும் நோகாமல் காரியம் முடியப்போகிறது என்று நினைத்தேன்.

சடங்கன்று உன்னைக் குளிப்பாட்ட அத்தையும் மற்றவர்களும் பின்கட்டுக்கு அழைத்துப் போயிருந்தபோது, நான் அந்த அறைக்குள் போனேன். பாயைச் சுருட்டினேன். தலையணை, தட்டு, துணி. மெஷினையும் கசெட்டுகளையும் ஒரு பழைய பெட்ஷீட்டில் கட்டினேன். சலவைக்காரப் பார்வதி மூட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இத வச்சு நான் என்னம்மா செய்ய?" என்றாள். "வழக்கம், கொண்டு போ" என்றேன். டிவி மட்டும் அங்கேயே இருந்தது. அதையும் கொடுக்க வேண்டும் என்றால் உன் அப்பா நியூஸ் பார்க்க எங்கே போவார். மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன், டிவிக்குத் தீட்டுக் கழிந்துவிட்டது. அதே தண்ணீரை மெஷின் மேலும் ஒரு சொட்டுத் தெளித்திருக்கலாம் என்பது எனக்கு அப்போதும் தெரியும்.

பட்டுச் சேலையில் உன்னைக் கூட்டிவந்தார்கள். என் கண்ணே பட்டுவிடும் போல இருந்தாய். எல்லாரும் உன்னைப் பார்க்க, நீ பின்னறைக் கதவு வழியாக உள்ளே பார்த்தாய். "அம்மா, என் கேம் எங்க?" என்றாய். கூடம் நிறைய ஆட்கள். நான் வாயைத் திறந்தேன், வந்த பொய் இதுதான். "அத்ததான் சொன்னாங்க, அந்த மூலையில இருந்ததெல்லாம் போகணும்னு." அத்தை ஆலாத்தித் தட்டோடு உன் எதிரில் நின்றார்கள். அவர்களுக்கு அந்த நிமிஷம்வரை ஒன்றுமே தெரியாது. என்னை ஒரு தடவை பார்த்தார்கள். பிறகு உன் பக்கம் திரும்பி, "ஆமா கண்ணு, வழக்கம் அப்படி" என்று சொல்லிவிட்டு, ஆலாத்தியைச் சுற்றினார்கள். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். உன் சடங்குப் போட்டோ எதிலும் நீ நேராகப் பார்க்கவில்லை என்று அப்பா இன்றைக்கும் போட்டோக்காரரைத் திட்டுகிறார்.

தோட்டத்திலிருந்து வந்த கணக்கப்பிள்ளை மகள் நம் கடைக் குடும்பத்துக்குச் சரிப்படுவாளா என்று எல்லாரும் இழுத்தபோது, என்னைப் பிடித்திருக்கிறது என்று முதலில் சொன்னவர் அத்தை. அதை உனக்கு நான் சொன்னதே இல்லை. அன்று பந்தி முடிந்து பாத்திரம் கழுவும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார்கள். "சபையில உன்ன விட்டுக்குடுக்க முடியாதும்மா, அதான் ஆமான்னேன். ஆனா ரொம்ப நாளைக்கு என் தலையில வைக்காத. பிள்ள என்ன பாக்கிற பார்வ நல்லால்ல." நான் சரி அண்ணி என்றேன். அந்தச் சரியைத்தான் இன்றைக்குச் செய்துகொண்டிருக்கிறேன்.

இதோடு முடிந்திருந்தால் என் பாவம் ஒரு அளவோடு நின்றிருக்கும். அத்தை சும்மா இருக்கவில்லை. அடுத்த வாரமே பார்வதி வீட்டைத் தேடிப் போயிருக்கிறார்கள். அதற்குள் மெஷினும் இரண்டு கசெட்டும் ஹல்துமுல்லையில் இருக்கிற அவள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டது. ஆனால் தலையணை அவளிடமே இருந்தது. உறையை உருவும்போது உள்ளேயிருந்து ஒரு கசெட் விழுந்ததாம், மூன்றாம் பாகம். சடங்குச் சந்தடியில் கடைப் பையன்கள் நீ விட்ட இடத்தின் மேலேயே விளையாடி அதை அழித்துவிடுவார்கள் என்று நீ அதைக் கழற்றித் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருக்கிறாய். அத்தை தான் போர்த்தியிருந்த சால்வையைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டு, பண்டாரவளைக்குப் போகிற வழியில் இங்கே இறங்கி என் கையில் கொடுத்தார்கள். "நீயே குடு. நீ குடுத்தாதான் சரி" என்றார்கள்.

ஓ.எல். பரீட்சை முடியட்டும் என்று என் அலுமாரியில் கூறைச் சேலைக்கு அடியில் வைத்தேன். பரீட்சை முடிந்தது. கொடுத்தால் இது எப்படி வந்தது என்று கேட்பாய், கேட்டால் எல்லாம் வெளியே வரும். ஏ.எல். முடியட்டும் என்றேன். பிறகு நீ கம்பஸ் போனாய். சாக்குக்குச் சாக்கு பிறந்துகொண்டே இருந்தது. அலுமாரிச் சாவி என் முந்தானையில் இருந்தது.

விளையாட்டு மட்டும் நிற்காமல் வளர்ந்துகொண்டே போனது. நான்காம் பாகத்தை நீ பண்டாரவளையில் ஒரு கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாய், அத்தை வீட்டுக்குப் போக மாட்டேன் என்று பஸ் ஸ்டாண்டில் என்னோடு காத்திருந்த அன்று. அதில் மலைக்குப் பின்னால் மலை தெரிந்தது, பையன் திரும்பினால் தேசமே அவனோடு சேர்ந்து திரும்பியது. அந்தப் பாகத்திலிருந்துதான் ஆரம்பத்திலேயே பையனா பெண்ணா என்று கேட்கிறார்கள். "அம்மா, பொண்ணாவும் போகலாம் போல" என்றாய், கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு. நம் வீட்டுப் பெண் விளக்கை விட்ட பிறகுதான் அவர்கள் பெண் கையில் விளக்கைக் கொடுத்திருக்கிறார்கள். நான் பஸ் வந்துவிட்டது என்று உன் கையைப் பிடித்து இழுத்தேன். கம்பஸில் தோழியின் கம்ப்யூட்டரில் ஐந்தாம் பாகம் பார்த்தாய். அதில் எல்லாரும் வாய் திறந்து பேசுகிறார்கள், ரொம்பப் பேசுகிறார்கள் என்று லீவில் வந்து குறை சொன்னாய். வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் வாங்கியது ஆறாம் பாகம். புல் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடுகிறது என்று எனக்குக் காட்டினாய். பார்த்துவிட்டு, இவ்வளவு வெளிச்சமாக இருக்கிற தேசத்தில் விளக்குக்காரிக்கு என்ன வேலை என்று கேட்டேன். நீ சிரித்துவிட்டாய். "அதாம்மா எல்லாரும் சொல்றாங்க. அழகு கூடிருச்சு, இருட்டு போயிருச்சு. மூணாவதுதான் நல்லதுன்றாங்க."

அப்போதுதான், நீ கம்பஸில் இருந்த காலத்து ஒரு பேச்சு எனக்கு ஞாபகம் வந்து குத்தியது. மூன்றாம் பாகத்தைக் கம்ப்யூட்டரிலேயே போட்டு விளையாடலாம் என்று தோழி சொன்னதாகவும் நீ வேண்டாம் என்றுவிட்டதாகவும் சொன்னாய். முடிவு என்ன என்றுகூட யாரையும் சொல்ல விடவில்லையாம். நான் தோசை ஊற்றிக்கொண்டே ஏன் என்று கேட்டேன். "அது வேற ஆள்மா. நான் என் பேர வச்சதால அந்தப் பையன் எனக்குப் பொண்ணுதான். என்னோடவ கடைசிப் பாலத்துக்கிட்ட நிக்கிறா, கையில விளக்கோட. அந்த கசெட்லதான் இருக்கா. அந்த பாட்டரி பத்து, பதினஞ்சு வருசம் தாங்குமாம். எங்கயோ யார் வீட்லயோ இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருப்பா, இல்லம்மா?" நீ அப்படிக் கேட்டபோது, அவள் அடுத்த அறையில் இருந்தாள், பாப்பா. கூறைச் சேலைக்கு அடியில். சாவி என் இடுப்பில். நாலு எட்டு நடந்து போய் எடுத்துவந்து உன் மடியில் வைத்திருக்க வேண்டும். நான் சொன்னது, "தோச ஆறுது, சாப்பிடு."

போன தடவை நீ ஆலாத்தி பற்றிச் சொல்லிவிட்டுப் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அலுமாரியைத் திறந்து கசெட்டை எடுத்துக்கொண்டு, பஸார் முனையில் டிவி, ரேடியோ பழுது பார்க்கிற கடைக்குப் போனேன். கடைக்காரரிடம் அந்தக் காலத்து மெஷின் ஒன்று தூசி படிந்து கிடந்தது. ஒருவேளை அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தால், அதோடு உன் எதிரில் வந்து சொல்லத் தைரியம் வரும் என்று நினைத்தேன். பார் என் வியாபாரத்தை, மன்னிப்புக் கேட்கப் போகும்போதும் கையில் ஏதாவது கொண்டுபோகப் பார்த்திருக்கிறேன். அவர் கசெட்டை ஊதிச் செருகினார். பாட்டு வந்தது. அந்தப் பாட்டைக் கேட்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பிறகு பெயர் வருகிற பக்கம் வந்தது. மூன்று வரி, மூன்றும் வெறுமை. உன் பெயர் இல்லை.

"பாட்டரி செத்துருச்சும்மா" என்றார். எப்போது என்று கேட்டேன். "அத யாரு சொல்ல முடியும். ரெண்டு வருசம் இருக்கலாம், மூணு வருசம் இருக்கலாம். புது பாட்டரி வச்சுத் தாறேன், இனிமே நடக்கிறத ஞாபகம் வச்சுக்கும். போனது போனதுதான்." அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அதற்கும் முன்னால், நீ தோசைக்கு உட்கார்ந்திருந்த அன்று அவள் உயிரோடு இருந்திருக்கிறாள் என்று எனக்கு உறைத்தது. உன்னிடமிருந்து அவளைப் பிடுங்கியது ஒரு தப்பு. அது ஒருநாள் புத்தி கெட்டுச் செய்தது. அவளைக் கையில் வைத்துக்கொண்டே அணைய விட்டது வேறு தப்பு, அதை ஒவ்வொரு நாளும் செய்திருக்கிறேன். பாட்டரி மாற்றிய பிறகு அவர் பெயர் போடவா அம்மா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தக் காலி இடத்தில் என் கை படக்கூடாது.

கல்யாணம் ஆகப்போகிற மகளுக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டுமாம். எனக்கு அந்த யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். மாப்பிள்ளை தங்கமானவர்தான். ஆனால் எவ்வளவு தங்கமானவரிடமும் சில நாள் உனக்கு ஒன்று பிடிக்காமல் போகும், ஒன்று பயமாக இருக்கும். அப்போது எனக்குப் பிடிக்கவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது என்று உன் வாயாலேயே சொல். மாமியார் சொன்னார், சாத்திரம் சொல்லுகிறது, அக்கம்பக்கம் பேசும் என்று இன்னொருவர் வாயைக் கடன் வாங்காதே. கடன் வாங்கினால் சண்டை வராது, அது உண்மை. எனக்கும் உனக்கும் சண்டையே வரவில்லை. அதனால்தான் இத்தனை வருஷமும் நீ வேறொரு ஆளோடு கோபமாக இருந்தாய், நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் போட்டேன். அத்தை ஒவ்வொரு தீபாவளிக்கும் உனக்குச் சட்டைத் துணி அனுப்பினார்கள். நீ தைக்காமல் வைத்தாய். நான் அதை அடுக்கிவைத்துக்கொண்டு, பெரியவங்க அனுப்பினது, உடுத்தினால் என்ன என்று உனக்கே புத்தி வேறு சொன்னேன். என்ன ஒரு பொம்பிளை நான்.

என்னை மன்னித்துவிடு என்று இந்தக் கடிதத்தில் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், பரவாயில்லை அம்மா, எனக்கு வழி தெரியும் என்று சொல்லிவிடுவாய். அது எனக்குச் சுலபமாகப் போய்விடும். உனக்குக் கோபம் வர வேண்டும். வருவதற்கு நியாயம் இருக்கிறது. அந்தக் கோபம் வர வேண்டிய இடத்துக்கு வரட்டும் என்பதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன்.

பண்டாரவளைப் பத்திரிகையில் நான் பெயர் எழுதப்போவதில்லை. உறையை அப்படியே இதோடு வைத்திருக்கிறேன். கசெட்டையும் இதோடு அனுப்பலாமா என்று யோசித்தேன். தபாலில் போட மனம் வரவில்லை. நாளைக் காலை அப்பா பண்டாரவளைக்குச் சரக்கு எடுக்கப் போகிறார். அவர் கையில் அதை அத்தைக்குக் கொடுத்து அனுப்புகிறேன். பார்வதி வீட்டிலிருந்து அதை மீட்டவர் அத்தைதான், உன்னிடம் கொடுக்க வேண்டியவரும் அத்தைதான். என் கையில் அது இருந்தது போதும்.

அடுத்த வெள்ளிக்கிழமை நீ ரயில் ஏறுவாய். டிக்கெட் பதுளைக்கு எடுத்திருப்பாய். பண்டாரவளை முன்னால் வரும், பாப்பா. அங்கேயே இறங்கு. பத்திரிகையில் உன் கையாலேயே பெயர் எழுதி அத்தையிடம் கொடு. அவர்கள் சோறு போட்டால் சாப்பிடு. ஆலாத்தித் தட்டை அவர்கள்தான் எடுக்க வேண்டும் என்று நீயே சொல். கல்யாணத்தில் உன் எதிரில் வந்து நிற்கக் கூடாது என்று யாரையாவது சொல்ல வேண்டும் என்று உனக்கு அப்போதும் இருந்தால், என்னைச் சொல். நான் சமையல்கட்டில் நின்றுகொள்கிறேன், எனக்குப் பழக்கமான இடம்தான்.

அங்கிருந்து பதுளைக்குக் கடைசி பஸ் வரை நிறைய பஸ் இருக்கிறது. மனம் வந்தால் ஏதாவது ஒன்றில் ஏறி வா. உலை வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.

அம்மா